இரண்டாவது கிட்டார்

செப்டம்பர் 6, சனி

மாஸ்டர் அவர்களுக்கு, முதலில் என் கையெழுத்துக்காக என்னை மன்னிக்க வேண்டும். ஒரு எழுத்து பெரிதாக இருக்கும், அடுத்தது சிறிதாக இருக்கும். கோடு போட்ட நோட்டுதான். ஆனாலும் வரி மேலே ஏறிப் பிறகு கீழே இறங்குகிறது. காற்றில் வள்ளம் போகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். 'ழ' எழுதும்போது மட்டும் கை நிற்காமல் சுற்றிவிடுகிறது. இந்தப் பக்கத்தை எழுத எனக்கு ஒரு மாலை முழுவதும் ஆகும். அதைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை.

என் பெயர் இன்னாசி. வயது எழுபத்தொன்று. முழங்கால் மறுக்கும் வரை கடலுக்குப் போனேன். போன வருடம்தான் கோயில் மண்டபத்தில் நடந்த முதியோர் வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றேன். எழுதும்போது புத்தகத்தில் இருப்பதுபோல் எழுதவேண்டும், ஒருவர் பேசியதை மட்டும் பேசியபடியே எழுதலாம் என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். அப்படியே எழுதுகிறேன்.

கிட்டார் படிக்கிற எல்லாரும் தினம் என்ன பயிற்சி செய்தோம் என்று தேதி போட்டு எழுதவேண்டும் என்றீர்கள். இன்று உட்காரக் கற்றுக்கொண்டேன். இடது கால் ஒரு சிறு பலகைமேல் இருக்கவேண்டும். கிட்டார் இடது தொடையில் உட்காரும். முதுகு நேராக, தோள் தளர்வாக. இத்தனை வயதுக்குப் பிறகு ஒருவர் எனக்கு உட்காரச் சொல்லிக்கொடுத்ததை நினைத்து வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன்.

ஏன் இதைப் படிக்க வந்தீர்கள் என்று கேட்டீர்கள். அப்போது சொல்லத் தெரியவில்லை. போன கிறிஸ்மஸ் பூசையில் எல்லாரும் நற்கருணை வாங்கப் போய்க்கொண்டிருந்தபோது நீங்கள் தனியாக வாசித்தீர்கள். நான் முன்வரிசையில் இருந்தேன். அந்த நரம்பு தங்கூஸ் என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. தூண்டில் போடும் அதே நைலான் நரம்பு. ஐம்பது வருடம் அதைக் கையில் பிடித்திருந்தேன். அதற்கு இப்படி ஒரு குரல் இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. அதனால்தான் வந்தேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

கால் வைக்கப் பலகை இல்லை. பழைய மீன் பெட்டியைக் கழுவிக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டேன். சரியான உயரம். கிட்டார் என் பேரன் பெங்களூருக்கு வேலைக்குப் போகும்போது அலமாரிமேல் போட்டுவிட்டுப் போனது. அதற்குள் ஒரு பல்லி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. அனுப்பிவைத்தேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

சுட்டுவிரல், நடுவிரல், சுட்டுவிரல், நடுவிரல். வேறொன்றும் இல்லை. மிகுந்த சந்தோஷம்.

செப்டம்பர் 13, சனி

எட்வின் மாஸ்டர் நோட்டைத் திருப்பித் தந்துவிட்டார். தேதிகளை மட்டும் பார்த்தார். நான் அவ்வளவு பாடுபட்டு எழுதியதைப் படிக்கவில்லையே என்று எனக்கு முகம் வாடியிருக்கும் போலிருக்கிறது. "நான் படிக்கிறதுக்கு இல்ல ஐயா. நீங்க படிக்கிறதுக்குத்தான் எழுதச் சொன்னேன்" என்றார். கொஞ்ச நேரம் வருத்தமாக இருந்தது. பிறகு யோசித்தேன். யாரும் படிக்கமாட்டார்கள் என்றால் என்ன வேண்டுமானாலும் எழுதலாம்.

விரல்கள் நடக்கவேண்டும் என்கிறார் மாஸ்டர். நடக்கும்போது ஒரே காலை இரண்டு தடவை வைக்கமாட்டோம் அல்லவா, அதுபோல ஒரே விரலால் இரண்டு தடவை அடிக்கக்கூடாது. எனக்கு நரம்பு மாறும் இடத்தில் சுட்டுவிரல் நொண்டுகிறது.

பெரியவர்கள் வகுப்பில் இதுவரை நான் ஒருவன்தான். இன்று மெற்றில்டா அம்மா சேர்ந்தார்கள். மக்ரூன் இனிப்பு செய்யும் கடையில் நாற்பது வருடம் முட்டை வெள்ளையை அடித்தவர்கள். வயது அறுபத்தாறு. கணவர் இறந்து ஐந்து வருடம் ஆகிறது. போன வருடம் வேலையை விட்ட பிறகு கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறதாம், தூக்கத்தில்கூட அடித்துக்கொண்டிருக்கிறதாம். என்னை அண்ணாச்சி என்று அழைத்தார்கள். வயதில் மூத்தவன் என்பதால்.

செப்டம்பர் 20, சனி

இடது கை பாடம். என் விரல் நுனிகள் காய்த்துப்போனவை, அதனால் நரம்பு அழுத்தினால் வலிக்கவில்லை. மெற்றில்டா அம்மாவுக்கு வலித்தது. எனக்குக் கொஞ்சம் பெருமை வந்துவிட்டது. அது அதிக நேரம் நிற்கவில்லை. வலிக்காததுதான் என் குறை என்றார் மாஸ்டர். எவ்வளவு அழுத்துகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. தூண்டில் நரம்பைப் பிடிப்பதுபோல் கட்டைவிரலை வளைத்து மொத்தக் கழுத்தையும் இறுக்கிவிடுகிறேன். அதிகம் அழுத்தினால் சுரமும் மேலே போய்விடுகிறது.

"மீன் ஓடிராது ஐயா" என்றார் மாஸ்டர்.

மெற்றில்டா அம்மா தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்கள். "செத்த மீன் எப்படிப் பாடும் அண்ணாச்சி. கொஞ்சம் விட்டுத்தான் பிடிங்களேன்."

நரம்பின்மேல் விரலைச் சும்மா வைத்து, மெல்ல மெல்ல அழுத்திக்கொண்டே வரவேண்டும். முதலில் கரகரக்கும். கரகரப்பு எங்கே நிற்கிறதோ அங்கேயே நிறுத்திவிடவேண்டும். அதற்குமேல் அழுத்துவது வீண். வீட்டில் வந்து செய்து பார்த்தேன். எவ்வளவு குறைவாக அழுத்தினால் போதும் என்பது ஆச்சரியமாக இருந்தது.

செப்டம்பர் 24, புதன்

வலது கையில் நகம் வளர்க்கவேண்டும், இடது கையில் ஒட்ட வெட்டவேண்டும். வலையில் நகம் சிக்கும் என்பதால் ஆயுள் முழுவதும் இரண்டு கையிலும் வெட்டியே வைத்திருந்தேன். இப்போது என் வலது கை வேறு யாருடைய கையோ போல் இருக்கிறது. பூசையில் சாமியார் நற்கருணையைக் கையில் வைக்கும்போது நகத்தைப் பார்த்து ஒரு கணம் நின்றார். என் மகள் அமலிக்கு இது பிடிக்கவில்லை. "ஒரு கையில மட்டும் என்னப்பா கோலம் இது, பாக்கறவுக என்ன நெனப்பாவ" என்று கேட்டாள். மாஸ்டர் சொல்லிக்கொடுத்ததை அவளுக்கு விளக்கினேன். மாவு பிசைந்துகொண்டே கேட்டாள். கேட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

செப்டம்பர் 27, சனி

பெரிய செய்தி. நவம்பர் இருபத்திரண்டு செசிலியம்மாள் திருநாள். இசைக்காரர்களுக்குப் பாதுகாவலி அந்தப் புனிதை. அன்று மாஸ்டரிடம் படிக்கும் எல்லாரும் கோயில் மண்டபத்தில் வாசிக்கவேண்டும், சிறு பிள்ளைகள்கூட. நானும் மெற்றில்டா அம்மாவும் சேர்ந்து ஒரு பாட்டு. அவர்கள் முதல் கிட்டார், மேல் பாகம். நான் இரண்டாவது கிட்டார், கீழ்ப் பாகம். மேல் பாகத்தில்தான் மெட்டு இருக்கிறது. கீழ்ப் பாகம் பெரும்பாலும் கட்டைவிரலில் நடக்கிறது. நடுவில் பல இடத்தில் எனக்கு ஒன்றும் இல்லை. அப்போது சும்மா எண்ணிக்கொண்டு காத்திருக்கவேண்டும்.

சேர்ந்து ஆரம்பிப்பது எப்படி என்று மாஸ்டர் காட்டினார். தலையை ஆட்டக்கூடாது, ஒன்று இரண்டு என்று வாயால் சொல்லக்கூடாது. முதல் கிட்டார் வாசிப்பவர் மூக்கால் மூச்சை உள்ளே இழுப்பார். இரண்டாவது கிட்டார் அதைக் கேட்டு, மூச்சு முடிகிற இடத்தில் சேர்ந்து அடிக்கவேண்டும். இன்று பாட்டு வாசிக்கவே இல்லை. அவர்கள் மூச்சு இழுப்பதும் நான் ஒரே ஒரு சுரம் அடிப்பதுமாக வகுப்பு முடிந்தது. முதலில் நான் முந்தினேன். பிறகு பிந்தினேன். கடைசியில் ஒருமுறை இரண்டு சுரமும் ஒன்றாக விழுந்தன. இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டோம்.

அக்டோபர் 1, புதன்

அமலி சமையலறையிலிருந்து கேட்டாள். "ஏம்ப்பா, வாசிச்சிக்கிட்டே இருக்கிய, நடுவுல நடுவுல நிப்பாட்டுதிய. மறந்துட்டா?"

"நிப்பாட்டல. இப்ப மெற்றில்டா வாசிக்காவ" என்றேன்.

மிக்சி ஓடியது.

அக்டோபர் 9, வியாழன்

இந்த வாரம் கற்றுக்கொண்டது: தெரிந்த இடத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பது பயிற்சி இல்லை. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து ஆரம்பித்து, இடது கை மேலே தாவும் அந்த ஒரு இடத்தில் தடுக்கி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்துக்கொண்டிருந்தேன். அந்த இடத்துக்கு மட்டும் நேரே போகவேண்டும் என்கிறார் மாஸ்டர். வலை கிழிந்தால் கிழிந்த இடத்தில்தானே ஊசி போடுவோம். முழு வலையையும் தடவிக்கொடுத்துக்கொண்டா இருப்போம். இது எனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று.

காலை முதல் பூசை, தேநீர், பிறகு சுவர்க் கடிகாரத்தின் கீழே உட்கார்ந்துகொள்கிறேன். அது 'டிக்' என்றால் ஒரு சுரம். அந்த வேகத்தில் வருவது எல்லாம் சரியாக வருகிறது. தாவும் இடத்தில் தாவப் போகிற விரலை முன்பே பார்த்துவிட நேரம் இருக்கிறது.

இசையின் எழுத்தையும் கற்றுவருகிறேன். ஐந்து கோடு, நடுவில் புள்ளிகள். சும்மா இருக்கவேண்டிய இடத்துக்குக்கூட ஒரு குறி வைத்திருக்கிறார்கள். போன வருடம் வரை எனக்கு எழுத்தே தெரியாது. இப்போது இரண்டு விதம் தெரியும்.

அக்டோபர் 14, செவ்வாய்

முதல் நரம்பு அறுந்துவிட்டது. சனிக்கிழமை வரை யார் காத்திருப்பது. வலை போட்டுவைக்கும் சாய்ப்பில் தங்கூஸ் சுருள் கிடந்தது, அதில் வெட்டிக் கட்டிவிட்டேன். பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

அக்டோபர் 18, சனி

ஒன்று இல்லையாம். அந்த நரம்பு காலையில் ஒரு சுரம் சொல்கிறது, மத்தியானம் வேறு சுரம் சொல்கிறது. மெற்றில்டா அம்மா என் சுரத்தைத் தேடித் தேடிக் கடைசியில் வாசிப்பதை விட்டுச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். மாஸ்டர் அதைக் கழற்றப் பார்த்தார். நான் கட்டிய முடிச்சு அவிழவில்லை. பல்லால்கூட இழுத்துப் பார்த்தார். கடைசியில் பிளேடால் அறுத்தார்.

"இது என்ன முடிச்சு ஐயா?"

தூண்டில் முடிச்சு என்றேன். இழுக்க இழுக்க இறுகும். எந்த இடத்தில் தள்ளவேண்டும் என்று தெரிந்தவன் கைக்கு மட்டும் அவிழும். மெற்றில்டா அம்மா எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி கட்டுனா கட்டுனதுதானா?" என்று கேட்டார்கள். நான் ஆமாம் என்றேன். காதெல்லாம் சூடாகிவிட்டது. மழைக்கு முந்திய புழுக்கம் அது.

அக்டோபர் 25, சனி

வகுப்பு முடியும்போது மழை பிடித்துக்கொண்டது. மாஸ்டர் வீட்டு மாடியில்தான் வகுப்பு, கீழே தையல் கடை. அந்தக் கடையின் தகரத்துக்குக் கீழே இரண்டு பேரும் நின்றோம். கிட்டார்களைப் பாலிதீன் தாளில் சுற்றிச் சுவரோடு சாய்த்துவைத்தோம், அவை எங்களைவிட நெருக்கமாக நின்றன. மெற்றில்டா அம்மா பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தார்கள். வீட்டில் செய்த மக்ரூன். நல்ல மக்ரூனைக் கடிக்கக்கூடாது, நாக்கில் வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கவேண்டும், அது தானே போகும் என்றார்கள். அப்படியே இருந்தோம். முந்திரியின் துணுக்கு மட்டும் மிஞ்சியது.

மழை விட்டபோது, "வாங்க, போவோம்" என்றார்கள். அண்ணாச்சி என்று சொல்லவில்லை. தகரத்தில் சொட்டுகிற சத்தத்தில் எனக்குக் கேட்காமல் போயிருக்கலாம்.

அக்டோபர் 26, ஞாயிறு

பயிற்சி நன்றாக நடந்தது. மழை.

அக்டோபர் 29, புதன்

கேட்காமல் போனது இல்லை. இன்று சந்தையில் பார்த்தேன். இன்றும் அண்ணாச்சி என்று சொல்லவில்லை.

அக்டோபர் 31, வெள்ளி

அமலிக்கு இரண்டு நாளாகத் தலைவலி போலிருக்கிறது. சாப்பாட்டை வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விடுகிறாள். என்ன என்று கேட்டதற்கு, சந்தையில் யாரோ ஏதோ சொன்னார்கள் என்றாள். என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். "உங்களுக்குத் தெரியாதாக்கும்" என்றாள். பிறகு அவளுடைய அம்மாவின் படத்தைத் துடைத்தாள். அது காலையிலேயே துடைத்த படம்.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். அமலியும் நானும் அவள் அம்மா செபமாலையின் கல்லறைக்கு வெள்ளையடித்து, பூ வைத்து, மெழுகுதிரி ஏற்றினோம். காற்று அணைத்துக்கொண்டே இருந்தது. அமலி தண்ணீர் கொண்டுவரப் போன நேரத்தில் செபமாலையிடம் கிட்டாரைப் பற்றிச் சொன்னேன். அவள் போய் ஒன்பது வருடத்தில் அவளிடம் சொல்ல ஒரு புதுச் செய்தி இருந்தது இதுதான் முதல் தடவை. கிட்டாரைப் பற்றித்தான் சொன்னேன்.

இரண்டு வரிசை தள்ளி மெற்றில்டா தம் கணவரின் கல்லறையில் இருந்தார்கள். தனியாக ஒரு திரியைக் கையால் மறைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் போய்க் காற்று வரும் பக்கம் நின்றேன். அப்போது சொன்னார்கள். மகன் ரூபன் கோயம்புத்தூரில் இருக்கிறான். வீட்டைப் பூட்டிவிட்டுத் தன்னோடு வந்துவிடச் சொல்கிறான். செசிலியம்மாள் திருநாளுக்கு வருகிறான், ஞாயிறு தங்கிவிட்டுத் திங்கள்கிழமை காலையில் வண்டியில் சாமானோடு கூட்டிப்போகிறான்.

"கச்சேரி முடிஞ்சப்புறந்தான் வருவேன்னு சொல்லிட்டேன்" என்றார்கள்.

நல்லதுதானே, பிள்ளையோடு இருக்கலாம் என்றேன். ஆமாம் என்றார்கள். திரி நின்று எரிந்தது.

நவம்பர் 3, திங்கள்

இன்று வாசிக்கவில்லை. விரல் வலி.

நவம்பர் 4, செவ்வாய்

விரல் வலி.

நவம்பர் 6, வியாழன்

காலையில் கடிகாரத்தின் கீழே சும்மா உட்கார்ந்திருந்தேன். அமலி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மீன் பெட்டியைக் காலால் தள்ளி என் இடது காலுக்குக் கீழே வைத்தாள். கிட்டாரை எடுத்து மடியில் வைத்தாள்.

"வாசிங்க. வீடு ஒரு மாதிரி இருக்கு" என்றாள்.

வாசித்தேன். அவள் போகாமல் நிலையில் சாய்ந்து நின்றாள். நான் காத்திருக்கவேண்டிய இடம் வந்தது. காத்திருந்தேன். அந்த இடைவெளியில் அமலி மெதுவாக முனகினாள், மேல் பாகத்தின் மெட்டை. அவளுக்கு அது எப்படித் தெரியும் என்று யோசித்தேன். இத்தனை நாளும் நான் வாசிக்காத நேரத்தில் அதை முனகிக்கொண்டிருந்தது நான்தானாம்.

நவம்பர் 8, சனி

நான் ஓடுகிறேன் என்று மாஸ்டர் நான்கு தடவை நிறுத்தினார். "இவ்வளவு அவசரம் ஏன் ஐயா? முடிச்சிட்டு எங்க போகணும்?" என்று கேட்டார். எங்கேயும் போகவேண்டாம் என்றேன். மெற்றில்டா நரம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு வாசித்தது மிகவும் மெதுவாக வந்தது. இது சரியான வேகம் என்றார் மாஸ்டர். இதைவிடவும் மெதுவாக வாசிக்க எனக்குச் சம்மதம்.

நவம்பர் 15, சனி

பிழையில்லாமல் முழுவதும் வாசித்தோம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மாஸ்டர்கூட.

நவம்பர் 20, வியாழன்

மெற்றில்டா வீட்டில் சாமான் கட்ட ஆள் இல்லை. கயிறு கட்டுவதில் எனக்குப் பழக்கம் உண்டு என்பதால் போனேன். அட்டைப் பெட்டிகள். பாத்திரம், புடவை, சாமிப் படங்கள், முட்டை அடிக்கும் பெரிய சட்டி. ஒவ்வொன்றையும் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி முடிச்சுப் போட்டேன். மெற்றில்டா பக்கத்தில் நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். ஏதாவது பேசலாம் என்று இருவரும் நினைத்திருப்போம். கயிற்றைப் பற்றிப் பேசினோம்.

கடைசிப் பெட்டியை இறுக்கும்போது வலது கை நடுவிரல் நகம் பாதியாக ஒடிந்துவிட்டது. நாளை மறுநாள் கச்சேரி. மெற்றில்டா என் விரலைப் பிடித்துப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன். எல்லாப் பெட்டியிலும் தூண்டில் முடிச்சைப் போட்டிருக்கிறேன். கோயம்புத்தூரில் யார் அவிழ்ப்பார்கள்? அரிவாள்மணையில் அறுத்துக்கொள்ளவேண்டியதுதான். கை பழக்கம்.

நவம்பர் 21, வெள்ளி

ஒடிந்த நகத்தால் அடித்தால் சுரம் பிசிறுகிறது. நகத்தை முழுவதும் வெட்டிவிடலாம் என்று பிளேடை எடுத்தேன். அமலி பிடுங்கிக்கொண்டாள். போனில் எதையோ பார்த்தாள். மெல்லிய தாளை நகத்தின் அளவுக்கு வெட்டி, பசை தடவி, அடுக்கடுக்காக ஒட்டினாள். காய்ந்ததும் அரத்தால் ராவினாள். என் கையை மடியில் வைத்துக்கொண்டு, சிறு பிள்ளைக்குச் செய்வதுபோல் செய்தாள். இந்த நகத்தைப் பார்த்தவுடன் மூஞ்சியைச் சுளித்தவள்.

ராவிக்கொண்டே கேட்டாள். "அவுக போறது உங்களுக்குக் கஷ்டமாத்தானப்பா இருக்கு?"

சாமான் எல்லாம் கட்டியாகிவிட்டது என்றேன்.

"நான் சாமானைக் கேக்கல."

நான் நகத்தைப் பார்த்தேன். நன்றாக ஒட்டியிருந்தது.

"அம்மா கோவிக்கமாட்டா" என்றாள். பிறகு பசையை மூடி வைக்கப் போய்விட்டாள். அவள் திரும்பி வர வெகு நேரமாயிற்று.

நவம்பர் 22, சனி

செசிலியம்மாள் திருநாள். சிறு பிள்ளைகள் முதலில் வாசித்தார்கள், பிறகு நாங்கள். இரண்டு நாற்காலி. எனக்கு மட்டும் கால் வைக்க மீன் பெட்டி. அமலிதான் அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஓரத்தில் நின்றிருந்தவர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். மெற்றில்டா நீல நிறப் புடவை.

நாற்காலியில் உட்கார்ந்தபிறகு மண்டபத்தில் ஒருவர் முகமும் தெரியவில்லை. எப்படி ஆரம்பிக்கப் போகிறோம் என்று நினைத்தேன். அப்போது பக்கத்தில் மெற்றில்டா மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. அது எனக்குத் தெரிந்த சத்தம். என் கட்டைவிரல் தானே போய்ச் சரியான நரம்பில் விழுந்தது.

அதற்குப் பிறகு எனக்கு நினைவிருப்பது கொஞ்சம்தான். தாவும் இடத்தில் விரல் போகவேண்டிய இடத்துக்குப் போனது. ஓரிடத்தில் மெற்றில்டா தடுக்கினார்கள். நான் ஓடாமல் அந்த இடத்திலேயே கட்டைவிரலால் இரண்டு தடவை நடந்து காத்திருந்தேன். வந்து சேர்ந்துகொண்டார்கள். கேட்டவர்களுக்குத் தெரிந்திருக்காது. கடைசிச் சுரம் அடங்கும் வரை கையை எடுக்கக்கூடாது என்பது மாஸ்டர் கட்டளை. அது அடங்கியபிறகும் நாங்கள் எடுக்கவில்லை.

ரூபன் வந்திருந்தான். உயரமான பையன், நல்ல மரியாதை. அவனுடைய அம்மாவுக்கு இப்படி வாசிக்க வரும் என்று நினைக்கவே இல்லை என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

நவம்பர் 23, ஞாயிறு

இன்று நடந்ததைச் சரியாக எழுதவேண்டும். அவசரமில்லை.

பூசை முடிந்து வீட்டுக்கு வந்தேன். நாளைக் காலை வண்டி. வழியனுப்பும்போது கூட்டமாக இருக்கும் என்பதால் இன்றே போய்ச் சொல்லிவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். என்ன சொல்லவேண்டும் என்பதை வழியிலேயே பழகிக்கொண்டேன். 'நல்லபடியா போயிட்டு வாங்க.' மூன்று சொல். தடுக்குகிற இடம் எதுவும் இல்லை.

வாசலில் என் பெட்டிகள் வரிசையாக இருந்தன. ரூபன் வண்டிக்காரனிடம் போனில் பேசிக்கொண்டிருந்தான். மெற்றில்டா நிலைப்படிக்கு வந்தார்கள். நான் நின்றேன், அவர்களும் நின்றார்கள். பழகி வந்த மூன்று சொல்லும் வரவில்லை. நாமே விடைபெற்றுக்கொள்வோம் என்று அவர்கள் நினைத்திருக்கவேண்டும். பேசுவதற்காக மூச்சை இழுத்தார்கள்.

இரண்டு மாதமாக அந்தச் சத்தத்துக்குப் பழகியவன் நான். அவர்கள் மூச்சு முடிகிற இடத்தில் என் பாகம் ஆரம்பிக்கவேண்டும்.

"போகாதிய" என்றேன்.

நான் சொன்னதை நானே அப்போதுதான் கேட்டேன். ரூபன் போனைக் காதிலிருந்து எடுத்தான். மெற்றில்டா இழுத்த மூச்சை விடாமல் நின்றார்கள். பிறகு பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார்கள்.

"தெருவுல அத்தனை பேரும் நல்லபடியா போயிட்டு வாங்கன்னுட்டாவ. போகாதன்னு சொல்ல ஒரு ஆள் இல்லையேன்னு இருந்தேன்" என்றார்கள். அழுதுகொண்டுதான் சொன்னார்கள். ஆனால் முகம் சிரித்த முகம்.

ரூபனுக்குக் கோபம். கோபப்படுவதற்கு அவனுக்கு உரிமை இருக்கிறது, அதனால் நான் தலையைக் குனிந்துகொண்டேன். லீவு போட்டது, வண்டி பேசியது, மாடியில் அறை ஒதுக்கியது எல்லாம் சொன்னான். தனியாக இருந்து காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது என்று கேட்டான். அது நல்ல கேள்வி. மெற்றில்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனிடம் சொன்னார்கள். "ஒன் வீட்டுக்கு வந்து இருந்துட்டு வாரேன்டே மக்கா. ஒன்னை விட்டுட்டு இருக்கேன்னு சொல்லல. ஆனா இந்த வீட்டைப் பூட்டமாட்டேன். இப்பத்தான் எனக்கு ஒரு பாட்டு வந்திருக்கு."

அவன் போனைச் சட்டைப் பையில் போட்டான். பிறகு மத்தியானத்துக்குச் சோறு பொங்கவாவது பானை வேண்டுமே என்று சொல்லி ஒரு பெட்டியின் கயிற்றை இழுத்தான். இழுக்க இழுக்க இறுகியது. மறுபடி இழுத்தான். உள்ளே போய்க் கத்தியை எடுத்துக்கொண்டு வந்தான்.

"அறுக்காத. கட்டுனவுகளே அவுக்கட்டும்" என்றார்கள் மெற்றில்டா.

குனிந்து தள்ளவேண்டிய இடத்தில் தள்ளினேன். அவிழ்ந்தது. ரூபன் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். எப்படி என்று கேட்டான். இன்னொரு நாள் சொல்லித்தருகிறேன் என்றேன். அவனுக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்துவிட்டது.

நவம்பர் 24, திங்கள்

ரூபன் காலையில் தனியாகக் கிளம்பினான். கிறிஸ்மஸுக்கு எல்லாரையும் கூட்டிக்கொண்டு வருகிறானாம். போகும்போது என்னிடம், அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் உடனே போன் செய்யுங்கள் என்று நம்பரைத் தந்தான். அதை நானே எழுதிக்கொண்டேன். ஒரு எண்கூடத் தப்பவில்லை.

அமலி மீன் வாங்கப் போகும்போது, "அவுகளுக்கு சீலா பிடிக்குமாப்பா?" என்று கேட்டாள். யாருக்கு என்று கேட்டேன். பையால் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை மாஸ்டர் புதுப் பாட்டு தருகிறார். மறுபடி மெற்றில்டா மேல் பாகம், நான் கீழ்ப் பாகம். மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார், வேண்டாம் என்று இரண்டு பேரும் சொல்லிவிட்டோம்.

பானைப் பெட்டி மட்டும்தான் அவிழ்ந்திருக்கிறது. மற்றவையெல்லாம் அப்படியே வாசலில் இருக்கின்றன. ஒட்டின நகத்தோடு கயிற்றை அவசரமாக இழுக்கக்கூடாது. வாரத்துக்கு ஒரு பெட்டி போதும் என்று மெற்றில்டா சொல்கிறார்கள், எனக்கும் அதுதான் சரியான வேகமாகத் தோன்றுகிறது. அடுத்த வாரம் எந்தப் பெட்டி, அதற்குள் என்ன இருந்தது என்று எழுதுகிறேன்.